நாற்பத்து மூன்று பொந்துகள்

சுவரில் பதினேழு என்ற எண்ணைப் பார்த்ததும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். பழைய தந்தி ஆபீஸின் மேற்குச் சுவர், இரண்டாம் தளம், மூன்றாவது ஜன்னலுக்கு வலப்பக்கம் ஒரு பொந்து. அதன் கீழே சிவப்புப் பெயின்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு 17 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 18, சற்று மேலே 19. சாரத்தில் நின்றபடி மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து இருபதை எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை டைப் அடித்தவளே நான்தான்.

என் பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அன்றைய மாலை நடைக்கு வந்திருந்த ஒன்பது பேர், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக. அவர் ஊரைச் சுற்றிக்காட்டுகிறவர். வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போய்ப் பெரிய பெரிய இடங்களின் வாசலில் இறக்கிவிடும் வழிகாட்டி இல்லை. பழைய கடைத்தெருவுக்குள் இரண்டு மணி நேரம் நடக்கவைப்பார். மூடிக்கிடக்கும் சினிமாக் கொட்டகையின் கூரையில் குடியிருக்கும் மரநாய், அச்சகத்துக்குப் பின்னால் சாக்கடையோரம் வெயில் காயும் உடும்பு, பாலத்தின் அடியில் தொங்கும் வௌவால், அந்தப் பாலத்தைக் கட்டியவன் கல்லில் செதுக்கிவிட்டுப் போன அரைகுறைப் பெயர், எல்லாம் அவருக்கு ஒரே ஜாதி. எப்போதும் மேலேயே பார்த்து நடப்பதால் தெருவில் அவருக்கு அண்ணாந்தார் என்று பெயர். இரண்டு முறை திறந்த சாக்கடைக்குள் விழுந்து எழுந்திருக்கிறார். இரண்டாம் முறை விழுந்தபோது கையிலிருந்த பைனாகுலரை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தாராம். சொல்லும்போது அவர் குரலில் பெருமை வேறு.

அந்த நடை தொடங்குவதும் முடிவதும் ஒரே சதுக்கத்தில், கடைசி நிறுத்தம் அங்கே நிற்கும் தந்தி ஆபீஸ். தந்தி நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று தளம், தடித்த சுவர், ஓடாத கடிகாரம். சுவர் முழுக்க வரிசையாகச் சதுரப் பொந்துகள். கட்டிய காலத்தில் சாரக்கம்புகளைச் செருகுவதற்காக விட்ட துளைகள் அவை. வேலை முடிந்ததும் கம்பை உருவிக்கொண்டு போனவர்கள் துளையை அடைக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் உழவாரன்கள் குடியேறின.

உழவாரனைக் குருவி என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். குருவி அளவுதான், ஆனால் குருவி இல்லை. அரிவாள் மாதிரி வளைந்த இறக்கை. கால் என்று பேருக்கு ஒன்று இருக்கிறது. சுவரைப் பற்றிக்கொண்டு தொங்க ஆகும், தரையில் இறங்கி நிற்க ஆகாது. தீனி, தண்ணீர், தூக்கம் எல்லாம் பறந்தபடியேதான். முட்டையிட்டுக் குஞ்சை வளர்க்க மட்டும் ஒரு பொந்து வேண்டும். வெயில் தொடங்கியதும் எங்கிருந்தோ வந்து, போன வருடம் இருந்த அதே பொந்துக்குள் அம்பு மாதிரிப் புகுந்துவிடும். சாயங்காலம் ஐம்பது அறுபது சேர்ந்து கடிகாரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும்போது, அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்த ஆள்கூட அதைப் பைக்குள் வைத்துவிடுவார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு கடை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மனு எழுதித் தருவது என் தொழில். என் கடையில் அடித்த மனு திரும்பி வந்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. தெருவிளக்கும் வேண்டும், சாக்கடையும் தூர்வார வேண்டும் என்று ஒரே தாளில் எழுதினால் அது இரண்டு மேஜைக்குப் போகும். இது உன் வேலை, இது உன் வேலை என்று இரண்டு பேரும் குறிப்பெழுதி, நடுவில் அது செத்துப்போகும்.

போன வருடம் தந்தி ஆபீஸை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் ஏணியும் டேப்பும் நோட்டுமாக அந்தக் கட்டடத்தையே சுற்றினார். விரிசல், பெயர்ந்த காரை, ஒழுகும் கூரை எல்லாவற்றையும் அளந்தார். நாற்பத்து மூன்று பொந்துகளையும் எண் போட்டு எழுதினார். தளம், திசை, அகலம், ஆழம், கடைசியில் குறிப்பு. அந்தக் குறிப்புப் பத்தியில்தான் அவர் உயிரே இருந்தது. பதினேழாம் எண்ணுக்கு நேராக, "மூன்றாவது வருடமாக அதே ஜோடி, ஆணுக்கு இடது இறக்கையில் ஒரு இறகு வெள்ளை, எப்போதும் கடைசியாகத்தான் கூடு திரும்பும்" என்று பொடிப்பொடியாக எழுதியிருந்தார்.

நோட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன். கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறோம், அதில் பறவையைக் கொண்டுவந்தால் நேரே வனத்துறைக்குத் தள்ளிவிடுவார்கள், அவர்கள் கட்டடம் எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் இடித்தே முடித்துவிடுவார்கள். அவர் நோட்டை மூடினார். "கட்டடம் நின்னா அதுங்களும் நிக்கும். எடுத்துடு" என்றார்.

எடுத்தேன். அதோடு விட்டேனா? காலியாகக் கிடக்கும் பத்தியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். மனுவில் வெற்றிடம் இருந்தால் விஷயம் பலவீனமாகத் தெரியும். அதனால் நாற்பத்து மூன்றுக்கும் நேராக நானே ஒரு வரி போட்டேன். "மழைநீர் புகும் வழி. உடனடியாக அடைக்கப்பட வேண்டும்." அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். சுவரைத் தொட இவர்களுக்குப் பத்து வருடம் ஆகும், முதலில் கூரையை மாற்றட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறிப்புப் பத்தியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. பதினேழாம் பொந்து ஜோடி எந்தத் தேதியில் வந்தது என்று அவருக்கு மூன்று வருடத்துக்கும் மனப்பாடம். எங்கள் கல்யாண நாள் எதுவென்று கேட்டால் இன்றைக்கும் மோட்டுவளையைப் பார்ப்பார். அழி என்ற பொத்தானை அமுக்கிய விரல் கொஞ்சம் அழுத்தமாகவே அமுக்கியது.

மனு ஜெயித்தது. பேப்பரில்கூட வந்தது. இடிப்பதில்லை, புதுப்பிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். தெருவே அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டியது. அடுத்த வெயிலில், குஞ்சுகள் பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில், சாரம் ஏறிவிட்டது.

சுவரில் எண்களைப் பார்த்த மறுநாள் காலை இருவரும் நகராட்சிப் பொறியாளரைப் பார்க்கப் போனோம். சின்னப் பெண், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். வேலைக்குச் சேர்ந்து இவ்வளவு நேர்த்தியான அறிக்கையைப் பார்த்ததே இல்லை என்றும், அதை அப்படியே ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டதாகவும் சொன்னார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறாராம். என் கணவர் பொந்துகளுக்குள் என்ன இருக்கிறதென்று விளக்கினார். நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பதில் குஞ்சு, பறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும், அதுவரை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்றார். அந்தப் பெண் முகம் வாடிப்போய் ஃபைலைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'உடனடியாக' என்ற சொல்லின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

"சார், நீங்க கேட்டதைத்தான் நான் செய்யறேன். இப்ப நீங்களே வேண்டாம்னு சொன்னா நான் ஃபைல்ல என்னன்னு எழுதறது?"

வனத்துறை எழுதிக் கொடுத்தால் நிறுத்தலாம் என்றார். வனத்துறைக்குப் போனோம். அங்கேயும் நல்ல மனிதர்தான் இருந்தார், எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கட்டடம் நகராட்சியுடையது, அவர்கள் எழுதிக் கேட்டால் வந்து பார்க்கிறோம் என்றார். திரும்ப நகராட்சி. திரும்ப வனத்துறை. பதினைந்து வருடமாக இந்த இரண்டு மேஜைக்கும் நடுவே மற்றவர்கள் அலைவதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அலைகிறவர்களிடம் கொஞ்சம் அலட்சியம்கூட எனக்கு உண்டு. முதலிலேயே என்னிடம் வந்திருந்தால் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருப்பேனே என்று நினைப்பேன்.

மிச்சமிருந்தது மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். சாரத்தில் ஏறினால் நம் வீட்டு மாடிப்படி ஏறுவது மாதிரி ஏறுவார். என் கணவர் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே அந்தத் தாளைக் காட்டி, இதை எழுதினவன் எவனோ வேலை தெரிஞ்சவன் சார், ஒரு பொந்து விடலை, ஆழம் முதற்கொண்டு சரியா இருக்கு என்றார். என் கணவர் தலையாட்டினார். நான் சாந்து குழைக்கிற தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயத்தைக் கேட்ட மேஸ்திரி ஒரு பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். தன்னால் ஆனதைச் செய்கிறேன் என்றார். செய்யவும் செய்தார். முதலில் காலியாக இருந்த பதினான்கையும் அடைத்தார், அதில் மூன்று நாள் கழிந்தது. பிறகு சுண்ணாம்புக்குப் பதம் வரவில்லை என்று இரண்டு நாளை ஓட்டினார். சாரத்தில் ஒரு கம்பு ஆடுகிறது என்று அவிழ்த்துக் கட்டியதில் இன்னொரு நாள் போனது. ஒவ்வொரு நாளாக அவர் எங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார். எங்களுக்கு வேண்டியிருந்தது இருபத்தொன்று. ஏழாம் நாள் பொறியாளர் வந்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகவும், இன்னொரு குழுவை அனுப்புவதாகவும் சொன்னாராம்.

அன்று காலை என் கணவர் சாப்பாட்டு மேஜையில் பழைய நோட்டை வைத்துக்கொண்டு குறிப்புப் பத்தியை ஒரு வெள்ளைத்தாளில் நகலெடுத்துக்கொண்டிருந்தார். புது மனுவோடு இணைப்பதற்கு நான்தான் கேட்டிருந்தேன். ஒரு வார்த்தை அவர் என்னைச் சொல்லவில்லை. அந்த ஏழு நாளும் சொல்லவில்லை. என் டம்ளரில் டீ ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார், கடைச் சாவியை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்" என்றேன்.

அவர் பேனாவை வைக்கவில்லை. "எதுக்குத் திட்ட? நீ சரியாத்தான் அடிச்சிருக்க. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசவே வராது. உண்மையாகவே யோசித்து, உண்மையாகவே பிழை இல்லை என்று கண்டுதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

புது மனுவை அன்றே அடித்தேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். ஒரே கோரிக்கை, பதினான்கு நாள் அவகாசம். கூட அவருடைய குறிப்புகள் இருபத்தொன்பதும், ஒரு வார்த்தை குறைக்காமல். புதன்கிழமை காலை இரண்டு அலுவலகத்துக்கும் நேரில் கொண்டுபோனோம். நகராட்சியில் அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்று பதினொன்றரை வரை உட்காரவைத்தார்கள். வனத்துறையில் முத்திரை வைத்திருக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு இரண்டு ரசீதும் கைக்கு வந்துவிட்டன. மனு ஏற்கப்பட்டது, அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும், எண், தேதி, முத்திரை. பழக்கதோஷம், முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

நாங்கள் சதுக்கத்துக்குத் திரும்பும்போது மணி நாலரை. மேற்குச் சுவர் புதுச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பொந்து இல்லை, எண் இல்லை. பன்னிரண்டு ஆள் சேர்ந்து காலையிலிருந்து வேலை பார்த்து முடித்திருந்தார்கள். மேலே உழவாரன்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து நேராகச் சுவரை நோக்கி வரும். கடைசி நொடியில் நெஞ்சு சுவரில் உரசத் திரும்பி மேலே போகும். அடுத்தது வரும். இரண்டாம் தளம், மூன்றாவது ஜன்னலுக்கு வலப்பக்கம், ஈரச் சுண்ணாம்பில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்திருந்தன.

மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். இரண்டு கையாலும் ஒரு சாந்துச் சட்டியைப் பிடித்திருந்தார். அடியில் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் தன் துண்டை விரித்திருந்தார். துண்டின் மேல் பதினொரு குஞ்சுகள். கருத்த தோலில் முள் முள்ளாக இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. கண் திறந்தும் திறக்காமலும், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெளிந்தன.

"உங்களுக்காக எடுத்து வச்சேன் சார். அடைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் கைய விட்டுப் பார்த்தேன்" என்றார்.

"மத்தது?" என்று கேட்டார் என் கணவர்.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். "கை எட்டலை சார். ஆழம் உங்களுக்குத் தெரியாதா."

ஆழம் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து எழுதியது அவர்தான். எனக்கும் தெரியும், அடித்தது நான். என் கணவர் சட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு ஒரு குஞ்சை வீட்டில் வைத்து வளர்க்கப் பார்த்தார். காலை முதல் இரவு வரை பூச்சி பிடித்து ஊட்டினோம், நானும்தான். ஐந்தாம் நாள் அது செத்துப்போனது. பறந்தபடி பிடித்த பூச்சியை உருண்டையாக்கித் தாய் கொண்டுவந்து தருவதை மனிதக் கையால் தர முடியாது என்று நடைக்கு வருகிறவர்களிடம் அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

முதலில் மேஸ்திரியே ஒரு யோசனை சொன்னார். சட்டியைச் சாரத்தின் உச்சிப் பலகையில் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றோம். உழவாரன்கள் பலகையைத் தாண்டித் தாண்டிப் போயின. சட்டி பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவற்றுக்குத் தெரிந்தது பொந்து, பொந்துக்குள் இருந்தால்தான் குஞ்சு, வெளியே சட்டியில் கிடப்பது எதுவோ என்று என் கணவர் மெதுவாக விளக்கினார். அப்போதும் வழிகாட்டி மாதிரியேதான் பேசினார். அரை மணி நேரத்தில் சாரத்தை அவிழ்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். மேஸ்திரி சட்டியை இறக்கிக் கொண்டுவந்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தார். துண்டு இருக்கட்டும் சார் என்றார்.

நடை இருப்பது எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. ஐந்து மணிக்கு வரச்சொன்னவர்கள் நீரூற்றுப் பக்கம் கூடி நின்றுகொண்டிருந்தார்கள். பதிமூன்று பேர். அதில் ஒரு பெண்மணி மேலே கைகாட்டி, எவ்வளவு சந்தோஷமாகச் சத்தம் போடுகின்றன பாருங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது சந்தோஷச் சத்தம் இல்லை. என் கணவர் சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் சதுக்கத்தின் நடுவில் போய் நின்றிருந்தார். சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே, முழங்கை மடங்காமல், எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அந்தச் சதுக்கத்தில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதுவும் காட்சியில் ஒன்று என்று நினைத்து இரண்டு பேர் செல்போனை எடுத்தார்கள். இரும்புச் சட்டி, அரை நாள் காய்ந்த சாந்து வேறு அடியில் ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் நடுங்க ஆரம்பித்தது. அவர் சட்டியைக் கீழே இறக்கவில்லை.

நான் ரசீதுகளைக் கைப்பைக்குள் செருகிவிட்டுப் போய் அவருக்கு எதிரே நின்று சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். என் உயரத்துக்குக் குதிகாலைத் தூக்கினால்தான் எட்டியது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் மேலே பார்த்தார். பதினொன்றும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும், கம்பியைத் தேய்ப்பது மாதிரி அந்தச் சத்தம் எங்கள் இருவர் தலைக்கும் மேலே கேட்டது. உழவாரன்கள் தாழ்ந்து வந்தன. சட்டிக்கு ஒரு முழ உயரத்தில், இறக்கைக் காற்று எங்கள் முகத்தில் அடிக்க, ஒவ்வொன்றாகக் கடந்து சுவரை நோக்கிப் போயின.